டெக் பில்டர் கேம்கள் பெருகியது படச் செலவு குறைவு என்பதாலா?

ஜூன் 7, இரவு 9.10 (கேள்வி)
ஸ்லே த ஸ்பையர், மான்ஸ்டர் ட்ரெயின், இன்ஸ்க்ரிப்ஷன், பலாட்ரோ என்று டெக் பில்டர்கள் (ஆட்டத்தின் நடுவே கார்டு சேர்த்தும் நீக்கியும் தன் கட்டை அமைத்துக்கொள்ளும் கேம்கள்) வரிசையாக வருகின்றன. எல்லாமே சின்னக் குழுவோ ஒற்றை ஆளோ செய்தவை. என் கருத்தில் இதற்கு ஒரே காரணம் செலவு. 3டி மாடல் வேண்டாம், நடை ஓட்ட அனிமேஷன் வேண்டாம். கார்டில் ஒரு படம், கீழே இரண்டு வரி எழுத்து, அவ்வளவுதான். நானும் நண்பனும் ஒன்று செய்யலாம் என்றிருக்கிறோம். ஆறு மாதம் போதும்தானே?

ஜூன் 7, இரவு 10.25
போதாது. நீங்கள் சொன்ன கேம்களின் தேதிகளையே பாருங்கள். ஸ்லே த ஸ்பையரை ஆரம்பித்தவர்கள் சியாட்டிலில் இரண்டே பேர், நிறுவனத்தின் பெயர் மெகா கிரிட். ஏர்லி ஆக்சஸில் (முழுதாக முடியும் முன்பே விற்பது) வந்தது நவம்பர் 2017, முழு வெளியீடு ஜனவரி 2019. காசு கொடுத்து வாங்கி ஆடுகிறவர்களை வைத்துக்கொண்டே 14 மாதம் எண்களைச் சரிசெய்திருக்கிறார்கள். பலாட்ரோவை லோக்கல்தங்க் என்ற பெயரில் ஒரே ஆள் டிசம்பர் 2021-இல் தொடங்கினார், பிப்ரவரி 2024-இல் வெளியானது. அதில் இருப்பதோ சாதாரணச் சீட்டுக்கட்டு. படத்தில் மிச்சமாகும் நேரம் முழுவதும் கணக்கில் போய்விடும்.

ஜூன் 7, இரவு 10.50
படம் மலிவு என்பதை மறுக்கவில்லை. 2014-இல் ஐபோனில் வந்த ட்ரீம் க்வெஸ்ட்டைப் பாருங்கள். ஓவியம் தெரியாத ஆள் பெயிண்டில் கிறுக்கியது போலத்தான் இருக்கும். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் அதை விடாமல் ஆடினார்கள், செய்த பீட்டர் வேலன் பிறகு ப்ளிஸார்டு நிறுவனத்தில் ஹார்த்ஸ்டோன் (இணையத்தில் இருவர் மோதும் கார்டு கேம்) குழுவுக்குப் போனார். இன்று 'ரோக்லைக் டெக் பில்டர்' (தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய டெக் பில்டர்) என்கிற அமைப்பின் எலும்புக்கூடு பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. படம் மலிவு என்பது உள்ளே நுழைய வழி விட்டது. ஆனால் படம் மலிவான கேம் வகைகள் வேறு எத்தனையோ இருக்கும்போது இது மட்டும் ஏன் பெருகியது?

என் பதில்: எதிராளி தேவையில்லை.

ஹார்த்ஸ்டோன் மாதிரி கேம் என்றால் எந்நேரமும் எதிரே உட்கார ஆள் வேண்டும், சர்வர் வேண்டும், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை புதுக் கார்டு விட வேண்டும். இரண்டு பேரால் ஆகாத காரியம். அதைவிட முக்கியமானது நியாயம். எதிரே மனிதர் இருந்தால் ஒரு கார்டு கொஞ்சம் கூடுதல் பலமாக இருந்தாலும் தோற்றவர் சண்டைக்கு வருவார். எதிரே கம்ப்யூட்டர் என்றால் ஆடுகிறவர் கண்டபடி பலசாலி ஆகலாம், அதுதான் ருசியே.

ஜூன் 8, காலை 7.15
இன்னொரு காரணம், பலரும் கவனிக்காதது: கலைக்கிற வேலை. இந்த வகைக்கு மூலம் 2008-இல் வந்த டொமினியன் என்கிற மேசை விளையாட்டு. ஆரம்பக் கட்டு 10 கார்டு (7 காப்பர், 3 எஸ்டேட்), கையில் எடுப்பது 5. அப்படியென்றால் தொடக்கத்தில் இரண்டு டர்னுக்கு ஒருமுறை கட்டைக் கலைக்க வேண்டும். நாலு பேர் மேசையில் ஆட்ட நேரத்தில் கணிசமான பங்கு சீட்டுக் கலைப்பதிலேயே போகும். கம்ப்யூட்டரில் அது கண் இமைக்கும் நேரம். ஸ்லே த ஸ்பையரில் அயர்ன்க்ளாட் என்ற பாத்திரம் தொடங்குவதும் 10 கார்டு, எடுப்பதும் 5. அதே எண்கள், கை வலி மட்டும் இல்லை.

ஜூன் 8, காலை 11.40
"கணக்கு கணக்கு என்கிறீர்களே, என்ன கணக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அயர்ன்க்ளாடையே எடுப்போம்.

கட்டு: ஸ்ட்ரைக் 5 (அடி 6), டிஃபெண்ட் 4 (தடுப்பு 5), பாஷ் 1 (அடி 8, எதிரிக்கு 2 வல்னரபிள்). கார்டு போட ஒரு டர்னுக்கு எனர்ஜி 3. பாஷுக்கு 2, மற்றவைக்கு 1. வல்னரபிள் இருக்கும்போது அடி 50 சதவீதம் கூடும், ஸ்ட்ரைக் 9 ஆகும்.

முதல் டர்னில் மூன்று ஸ்ட்ரைக் போட்டால் 18. பாஷும் ஒரு ஸ்ட்ரைக்கும் போட்டால் 8 + 9 = 17. ஒன்று குறைவு. ஆனால் அடுத்த டர்னில் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் 27. இன்றைக்கு ஒன்றை விட்டு நாளைக்கு ஒன்பது வாங்கும் பேரம் இது. புதிதாக வருகிறவருக்கு இந்தப் பத்து கார்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது, ஒரு வரி டுட்டோரியல் இல்லாமல்.

பாஷ் முதல் கையிலேயே வர வாய்ப்பு 10 கார்டில் 5, அதாவது பாதி. நல்லதாகத் தெரிகிறதே என்று ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஒரு கார்டு சேர்த்துக் கட்டை 25 ஆக்கினால் 20 சதவீதம். கட்டு ஒருமுறை சுழல 5 டர்ன். மாறாக இரண்டு ஸ்ட்ரைக்கை நீக்கி 8 ஆக்கினால் 62.5 சதவீதம். கடையில் ஒரு கார்டை நீக்க 75 தங்கம், ஒவ்வொரு முறையும் 25 ஏறும். கார்டைத் தூக்கி எறியக் காசு கொடுக்க வேண்டும் என்பது முதல் முறை பார்ப்பவருக்கு விசித்திரமாக இருக்கும். டொமினியனில் சேப்பல் கார்டு 2 காசுக்கு நாலு கார்டு வரை ஒழிக்கிறது, அதிலிருந்து வரும் அதே பாடம்தான்.

நீங்கள் செய்யும் கேமில் மூன்று கார்டில் ஒன்றை எடுக்கச் சொல்லும் திரையில் 'வேண்டாம்' பொத்தானை ஓரத்தில் ஒளிக்காதீர்கள். இந்த வகையின் பாதி ஆட்டம் அந்தப் பொத்தானில்தான்.

ஜூன் 8, மாலை 4.05
மேலே சொன்னதற்கு ஒரு எல்லை உண்டு. கட்டு சிறுத்தால் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிரி இரண்டு வூண்ட் கார்டை (ஒன்றுக்கும் உதவாத கார்டு) கட்டுக்குள் போட்டால், 10 கார்டுக் கட்டில் 12-க்கு 2, அதாவது ஆறில் ஒன்று குப்பை. 30 கார்டுக் கட்டில் 32-க்கு 2. சிறிய கட்டுக்குத்தான் விஷம் சீக்கிரம் ஏறும். இந்த எதிர்விசையை வைக்காவிட்டால் எல்லா ஆட்டமும் 'எல்லாவற்றையும் நீக்கு' என்ற ஒரே வழிக்குப் போய்விடும்.

ஜூன் 8, இரவு 8.30
எதிரிகளைப் பற்றி. புதிதாகச் செய்கிறவர்கள் உயிரையும் அடியையும் ஏற்றிக்கொண்டே போய் அதைக் கடினம் என்கிறார்கள். அது வெறும் நீளம். நல்ல எதிரி உங்கள் கட்டைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட கேள்வி கேட்கும்.

ஸ்லே த ஸ்பையரின் க்ரெம்லின் நாப்: நீங்கள் ஸ்கில் கார்டு போடும் ஒவ்வொரு முறையும் அதற்கு பலம் 2 கூடும். டிஃபெண்ட் ஒரு ஸ்கில். அப்போது கேள்வி: "தடுக்காமல் என்னை எத்தனை டர்னில் முடிப்பாய்?" முதல் அங்கத்திலேயே (கேமின் முதல் பகுதி) வருகிறது, ஆகவே ஆரம்பத்தில் அடிக்கும் கார்டு எடுக்காதவர் அங்கேயே தெரிந்துகொள்வார். மூன்றாம் அங்கத்தின் டைம் ஈட்டர்: நீங்கள் 12 கார்டு போட்டதும் டர்ன் முடிந்துவிடும், அதற்குப் பலம் கூடும். கேள்வி: "சின்னச் சின்ன இலவசக் கார்டாகக் கட்டிவைத்திருக்கிறாயா?" இவை இரண்டும் எதிர்த் திசைகளில் இழுக்கின்றன. நடுவில் பயணிக்கிறவர் இரண்டுக்கும் தயாராக வேண்டும், அங்கேதான் யோசனை பிறக்கிறது.

எட்டு எதிரி எழுதுவதற்கு முன் எட்டுக் கேள்வி எழுதுங்கள். கேள்வி தோன்றாத எதிரியை வைக்காதீர்கள்.

ஜூன் 8, இரவு 8.45
விட்டுப்போனது: எதிரி அடுத்து என்ன செய்யும் என்பதைத் தலைக்கு மேல் காட்டுவது. '11 அடி' என்று தெரிந்தால் இரண்டு டிஃபெண்ட் (10) போட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மிச்சம் 1 எனர்ஜியில் அடிப்பதா, மூன்றும் தடுப்பா என்று நிஜமாக முடிவெடுக்கலாம். தெரியாவிட்டால் பயத்தில் எப்போதும் தடுப்பார்கள், ஆட்டம் நீளும். குலுக்கலில் கார்டு வருவது அதிர்ஷ்டம். எதிரியும் அதிர்ஷ்டம் என்றால் ஆடுகிறவருக்கு வேலையே இல்லை.

ஜூன் 9, காலை 6.50
அதிர்ஷ்டத்தைப் பற்றிச் சொல்லும்போதே இதையும். சுத்தமான பகடை மனிதருக்குப் பிடிக்காது. ஸ்லே த ஸ்பையரில் சாதாரணச் சண்டைப் பரிசில் அரிய கார்டு வர அடிப்படை 3 சதவீதம். ஆனால் ஒரு ஓட்டம் (தொடக்கத்திலிருந்து ஜெயிக்கும் அல்லது தோற்கும் வரை ஒரு முழு ஆட்டம்) தொடங்கும்போது அதில் 5 கழித்து வைக்கிறார்கள், ஒவ்வொரு சாதாரணக் கார்டு காட்டும்போதும் 1 ஏற்றுகிறார்கள், அரியது வந்ததும் பழைய இடத்துக்குத் திருப்புகிறார்கள். போஷன் (ஒருமுறை பயன்படுத்தும் மருந்து) விழ 40 சதவீதம். விழுந்தால் 10 குறையும், விழாவிட்டால் 10 கூடும். ஆடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது, "ஓரளவு நியாயமாக இருக்கிறது" என்று மட்டும் தோன்றும்.

உங்கள் கேமில் இதை முதல் வாரத்திலேயே போடுங்கள். பின்னால் போட்டால் அதுவரை சேர்த்த சமநிலை எண்கள் எல்லாம் மாறிவிடும்.

ஜூன் 9, பகல் 1.20
நிரல் எழுதும் (கோடு) பக்கம். மூன்று இடத்தில் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

முதலாவது, கார்டு விளைவுகளை ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷனாக அழைப்பது. 'கார்டு எடுத்தால் 1 அடி', 'அடி விழுந்தால் 1 கார்டு எடு' என்று இரண்டு ரெலிக் (கையில் இருக்கும்வரை பலன் தரும் பொருள்) ஒன்றாகச் சேர்ந்தால் ஸ்டாக் (முடியாத அழைப்புகளை வைக்கும் நினைவகம்) நிரம்பி கேம் செத்துவிடும். ஒவ்வொரு விளைவையும் ஒரு வரிசையில் போட்டு, தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடியுங்கள். சுழற்சி அப்போதும் நடக்கும், ஆனால் ஸ்டாக் நிரம்பாது. அது முடிவில்லாமல் ஓடாமல் இருக்க, ஒரு செயலிலிருந்து கிளைக்கும் விளைவுகளுக்கு உச்சவரம்பு வையுங்கள்.

வரிசை வைத்தால் 'எது முதலில்' என்பதையும் தீர்மானிக்க வேண்டும், அது ஆட்டத்தையே மாற்றும். ஸ்லே த ஸ்பையரில் ட்ராப்கிக் கார்டு: எதிரி வல்னரபிளாக இருந்தால் 1 எனர்ஜி திரும்பும், 1 கார்டு வரும். முடிவில்லாமல் அடிக்க ஒரு ட்ராப்கிக் போதாது, இரண்டு வேண்டும். ஏனென்றால் போட்ட கார்டு தன் விளைவு முடிந்த பிறகே கழித்த குவியலுக்குப் போகிறது. தான் எடுக்கும் கார்டாகத் தானே வர முடியாது. இந்த ஒரு வரிசையை மாற்றியிருந்தால் ஒற்றைக் கார்டிலேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

இரண்டாவது, ரேண்டம். ஒரே ரேண்டம் வரிசையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால், சண்டையில் ஒரு கார்டு கூடுதலாக எடுத்தால் அடுத்த கடையில் உள்ள சரக்கே மாறிவிடும். வரைபடம், பரிசு, கட்டுக் கலைப்பு, எதிரியின் முடிவு எல்லாவற்றுக்கும் தனித்தனி வரிசை வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே விதை எண்ணில் (ரேண்டம் வரிசை கிளம்பும் எண்) தொடங்காதீர்கள். ஸ்லே த ஸ்பையரில் அப்படித்தான் இருக்கிறது. அதனால் ஒரு வரிசையில் வந்த முதல் விளைவை வைத்து வேறொன்றில் வரப்போவதை ஓரளவு ஊகிக்கலாம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். விதை எண்ணோடு அந்த வரிசையின் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்து (கலந்து வேறொரு எண்ணாக்கி) அதை விதையாகக் கொடுத்தால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். நாலு வரி வேலை.

மூன்றாவது, அனிமேஷன் முடியக் காத்திருந்து கணக்குப் போடுவது. கணக்கு ஒரே மூச்சில் முடியட்டும், நடந்ததன் பட்டியலைத் திரை தன் வேகத்தில் காட்டட்டும். இப்படிப் பிரித்தால்தான் திரை இல்லாமல் ஒரே இரவில் பல்லாயிரம் ஓட்டம் ஓட்டிப் பார்க்க முடியும்.

ஜூன் 9, பகல் 2.00 (கேள்வி)
பலாட்ரோ கோடு அலங்கோலம் என்று கேள்விப்பட்டேன். அது மட்டும் எப்படி ஓடியது?

ஜூன் 9, இரவு 9.30
அது லவ் என்கிற எஞ்சினில் லுவா மொழியில் எழுதியது. வாங்கிய கேமின் கோப்பினை ஜிப் போலத் திறந்தால் மூலக் கோடே கிடைக்கும், படித்துப் பாருங்கள். ஜோக்கர்களின் (கூடுதல் பலன் தரும் சிறப்புக் கார்டுகள்) விளைவுகள் பெரும்பாலும் ஒரே ஃபங்ஷனில் நீண்ட இஃப்-எல்ஸ் சங்கிலியாக இருக்கின்றன. 150 ஜோக்கர், ஒரே ஆள், அவருக்கு எது எங்கே என்று தெரியும். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பேர் செய்தால் அந்த வழி சரிப்படாது, ஒருவர் தொட்டதை இன்னொருவர் உடைப்பார்.

ஆனால் அந்தச் சங்கிலிக்குள் ஓடும் கணக்கு படு சுத்தம். முதல் ஸ்மால் ப்ளைண்டுக்கு (தொடக்கச் சுற்று) 300 புள்ளி வேண்டும். சிப்ஸைப் பெருக்கியால் பெருக்கினால் புள்ளி. ஃப்ளஷ் (ஐந்து கார்டும் ஒரே இனம்) என்றால் அடிப்படை 35 சிப்ஸ், பெருக்கி 4. ஏஸ், கிங், 9, 7, 4 ஒரே இனத்தில் வைத்தால் 11 + 10 + 9 + 7 + 4 = 41. கூட்டினால் 76, நாலால் பெருக்கினால் 304. ஒரே கையில் தாண்டிவிட்டீர்கள், நாலு புள்ளி மீதத்தில். போக்கர் தெரியாதவருக்கும் அந்த இடத்தில் உற்சாகம் வரும். அது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது இரண்டு ஜோக்கர் சேருங்கள்: சாதாரண ஜோக்கர் (பெருக்கியில் +4), தி ட்ரைப் (ஃப்ளஷ் இருந்தால் பெருக்கியை இரண்டு மடங்காக்கும்). கணக்கு இடமிருந்து வலம். +4 இடப்பக்கம் இருந்தால் (4 + 4) × 2 = 16, மொத்தம் 1,216. வலப்பக்கம் இருந்தால் 4 × 2 + 4 = 12, மொத்தம் 912. ஜோக்கரை விரலால் நகர்த்தியதற்கு 304 வித்தியாசம். கார்டு எதுவும் மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. கூட்டலையும் பெருக்கலையும் ஒருவர் கையால் உணர்கிற இடம் அது.

ஜூன் 9, இரவு 9.55
பணக் கணக்கையும் கவனியுங்கள். கையில் ஒவ்வொரு 5 டாலருக்கும் 1 டாலர் வட்டி, அதிகபட்சம் 5. ஆகவே 25 டாலர் கையில் வைத்திருப்பவருக்கு முழு வட்டி. கடையில் சரக்கை மாற்ற 5 டாலர், அதே கடையில் ஒவ்வொரு முறையும் 1 ஏறும். செலவழித்தால் இப்போது பலம், வைத்திருந்தால் பிறகு பலம். ஜோக்கர்களை எல்லாம் எடுத்துவிட்டாலும் இந்த வட்டி ஒன்றே ஒரு நல்ல கேம்.

ஜூன் 10, காலை 7.05
எண் பெரிதாகும் கேம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லுவாவில் எண்கள் வழக்கமாக டபுள் (64 பிட்டில் வைக்கும் தசம எண்). 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டியதும் ஒன்றாம் இலக்கத் துல்லியம் போய்விடும், 10-இன் 308-ஆம் அடுக்கைத் தாண்டியதும் கொஞ்ச தூரத்தில் முடிவிலி. பலாட்ரோவில் அந்த எல்லையைத் தொடுவதே ஆட்டக்காரர்களுக்கு ஒரு இலக்காகிவிட்டது. உங்கள் கேமில் அது நடந்தால் ஒப்பீடு பிசகி, ஜெயித்தவர் தோற்றதாகக் காட்டலாம். முடிவிலி வந்தால் வெற்றி என்று வெளிப்படையாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஜூன் 10, மாலை 5.40
சமநிலைக்குத் தரவு சேகரிப்பது பற்றி. மெகா கிரிட்டின் அந்தோனி ஜியோவனெட்டி 2019 ஜிடிசி (கேம் உருவாக்குநர்கள்) மாநாட்டில் இதற்கென்றே பேசினார். தரவு சேர்ப்பது எளிது, தப்பாகப் படிப்பதும் எளிது.

'இந்தக் கார்டு இருந்த கட்டுகளில் வெற்றி 60 சதவீதம், ஆகவே பலமான கார்டு' என்று முடிவு கட்டாதீர்கள். மூன்றாம் அங்கத்தில் மட்டும் கிடைக்கும் கார்டு வெற்றிக் கட்டுகளில்தான் அதிகம் இருக்கும். அதை எடுத்தவர் ஏற்கெனவே மூன்றாம் அங்கம் வரை உயிரோடு வந்தவர்! சரியான ஒப்பீடு இது: ஒரே மாடியில், அதே கார்டு முன்னால் வந்தபோது எடுத்தவர்களையும் விட்டவர்களையும் தனித்தனியே பாருங்கள். அதற்கு நீங்கள் எழுதிவைக்க வேண்டியவை: காட்டிய மூன்று கார்டு, எடுத்தது, மாடி எண், அப்போதைய உயிர், கட்டு முழுவதும், இறந்த இடம், கொன்ற எதிரி. ஒரு ஓட்டத்துக்குச் சில கிலோபைட்தான்.

எடுக்கும் வீதம் அதிகம், வெற்றி வீதம் குறைவு என்றால் அந்தக் கார்டு கண்ணுக்கு அழகு, கைக்குச் சுமை. அதை மாற்ற அவசரப்பட வேண்டாம், அப்படிச் சில கார்டுகள் இருந்தால்தான் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். எடுக்கும் வீதம் குறைவு, எடுத்தவர் வெற்றி அதிகம் என்றால் பெரும்பாலும் கார்டில் எழுதியிருப்பது புரியவில்லை. எண்ணைத் தொடாமல் வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள்.

ஜூன் 11, காலை 8.10 (கேள்வி)
அண்ணா, ஆறு மாதக் கனவை விட்டுவிட்டோம். எவ்வளவு கார்டோடு தொடங்கலாம்? தமிழிலும் வைக்க ஆசை. எந்த எஞ்சின்?

ஜூன் 11, இரவு 10.00
ஸ்லே த ஸ்பையரில் ஒரு பாத்திரத்துக்கு 75 கார்டு. அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு பாத்திரம், 30 கார்டு, 8 எதிரி, 1 பாஸ், 10 ரெலிக். படம் வேண்டாம், வெள்ளைப் பெட்டியில் எழுத்து போதும். அதற்கும் முன்னால், அட்டையை வெட்டி 20 கார்டு எழுதி மேசையில் ஒருவர் எதிரியாக உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். வெள்ளைப் பெட்டியில் பத்து ஓட்டம் ஆடத் தூண்டாத கேம் படம் போட்டாலும் தூண்டாது. கார்டுகளை கோடுக்குள் எழுதாமல் ஒரு அட்டவணைக் கோப்பில் வையுங்கள், எண்ணை மாற்ற நண்பர் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எஞ்சின்: தமிழ் வேண்டும் என்றால் கோடாட் 4. காரணம் எழுத்துரு. 'கொ' என்பதில் க-வுக்கு முன்னால் தெரியும் கொம்பு, கோப்பில் க-வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை இடம் மாற்றிக் காட்டும் வேலையை கோடாட் 4-இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைக்கும் நிரல் செய்துவிடுகிறது. லவ் 11-இல் அது இல்லை. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவிலும் தானாக நடக்காது, கொம்பு தப்பான பக்கம் விழும். லிப்ஜிடிஎக்ஸின் பிட்மேப் எழுத்துருவிலும் அதே கதி. இன்னொன்று, தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் இரண்டு வரி பிடிக்கும் விளக்கம் தமிழில் மூன்று வரி போகும், கார்டின் எழுத்துப் பெட்டியை முதலிலேயே தாராளமாக வையுங்கள். எண்ணை வாக்கியத்தில் புதைக்காமல் தனியாகப் பெரிதாகக் காட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

மெகா கிரிட்டும் தன் இரண்டாம் கேமுக்கு கோடாட்தான் எடுத்தது. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவலுக்குக் கட்டணம் என்று அறிவித்த பிறகு மாறினார்கள்.

ஜூன் 11, இரவு 10.35
விற்பனை பக்கம் சுருக்கமாக. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும், 1,000 டாலர் வருமானம் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். பங்கு 30 சதவீதம் அவர்களுக்கு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணிக்குள் ஆடுகிறவர் ஒருமுறை தோற்று, 'ஏன் தோற்றேன்' என்பது புரிந்து, இரண்டாம் ஓட்டம் தொடங்கியிருக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் அரை மணி டுட்டோரியல் வைத்தால் அதற்கு நேரமிருக்காது.

போக்கர், ஸ்லாட் மாதிரித் தோற்றம் வைப்பதாக இருந்தால் வயது மதிப்பீட்டையும் கணக்கில் வையுங்கள். பலாட்ரோவில் நிஜப் பணம் கட்டும் வழியே கிடையாது. இருந்தும் வெளியான சில நாளில் ஐரோப்பாவின் வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி அதை 3 வயதிலிருந்து 18-க்கு ஏற்றியது, சில கடைகளிலிருந்து தற்காலிகமாக இறக்கினார்கள். முறையீட்டுக்குப் பிறகு 12 ஆனது பிப்ரவரி 2025-இல்தான், கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து. சின்னக் குழுவுக்கு வெளியீட்டு வாரத்தில் கடை மூடினால் தாங்காது. மதிப்பீட்டுப் படிவத்தை வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பே நிரப்பி, சூதாட்டப் படிமம் பற்றிய கேள்விகளுக்கு ஸ்க்ரீன்ஷாட்டோடு பதில் எழுதிவையுங்கள்.

ஜூன் 12, காலை 6.40
ஒன்று விட்டுவிட்டேன். திரை இல்லாமல் ஓட்டிப் பார்க்கச் சொன்னேனே, அதற்கு புத்திசாலி பாட் (தானாக ஆடும் நிரல்) தேவையில்லை. கையில் உள்ளதில் ஏதோ ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பாட் போதும். ஒரு கார்டைச் சேர்த்ததும் அந்த முட்டாள் பாட்டின் வெற்றி எகிறினால் அந்தக் கார்டு அளவுக்கு மீறிய பலம். சேர்த்ததும் எதுவும் மாறாவிட்டால் அது வீண் கார்டாக இருக்கலாம், யோசித்துப் போட வேண்டிய நல்ல கார்டாகவும் இருக்கலாம். அதை மட்டும் நீங்களும் நண்பரும் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். 30 கார்டில் அப்படி ஏழெட்டுதான் மிஞ்சும்.